கருந்துளை நிறைப் பட்டியலில் 35-ஐச் சுற்றி ஏன் இவ்வளவு கூட்டம்?

பெரம்பூர் பௌதிகம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பௌதிகம் எடுக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகள் செய்த ஒரு வேலையிலிருந்து கிளம்பிய கேள்வி இது.

ஈர்ப்பலை (கருந்துளை போன்ற கனமான பொருள்கள் இணையும்போது வெளியில் பரவும் அலை) டிடெக்டர்கள் இதுவரை பிடித்த கருந்துளை இணைவுகளின் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் அதிலிருந்து ஒவ்வொரு இணைவிலும் பெரிய கருந்துளையின் நிறையை மட்டும் நோட்டில் எழுதி எடுத்தார்கள். பிறகு ஒரு சார்ட் பேப்பரில் கீழே 0 முதல் 150 சூரிய நிறை (நம் சூரியனின் நிறை 1 என்ற அலகு) வரை கோடு போட்டு, ஓர் இணைவுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனார்கள். நியூட்ரான் விண்மீன் கலந்திருந்தால் பச்சைப் பொட்டு, மற்றதெல்லாம் மெரூன். கம்ப்யூட்டரில் வரைந்திருந்தால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் கையால் ஒட்டியதால் ஒவ்வொரு இணைவையும் அவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். 2015 செப்டம்பர் 14-ல் வந்த முதல் சிக்னலுக்கு மட்டும் கல் வைத்த பொட்டு!

முடித்துவிட்டுப் பார்த்தால் 30-க்கும் 40-க்கும் நடுவில் பொட்டு அடர்ந்து கிடக்கிறது. 10 பக்கம் சின்னதாக இன்னொரு குவியல். 60-ஐத் தாண்டினால் இங்கொன்றும் அங்கொன்றும்தான். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பெண், பேசவே மாட்டாள், எழுந்து கேட்டாள்: "டீச்சர், அப்போ வானத்துல 35 சூரியன் எடையுள்ள கருந்துளைதான் அதிகமா?"

எனக்குத் தெரிந்து நம் பால்வெளியில் எக்ஸ்-கதிர் மூலம் கண்டுபிடித்த கருந்துளைகள் பெரும்பாலும் 5 முதல் 15 வரை. சிக்னஸ் எக்ஸ்-1 கூட 21 தான். அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் 35? அதற்கு மேலே போனால் ஏன் காலியாகிவிடுகிறது? சுலபமாக்குகிறேன் என்று உண்மையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். மடக்கை, அடுக்கு விதி எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

---

மாடவீதி எழுதியது:

டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் என் அன்பைச் சொல்லிவிடுங்கள். 2019-ல் கையில் பத்தே பத்து கருந்துளை இணைவுகள் இருந்தபோது ஆய்வாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அப்போதே 30-40 பக்கம் ஒரு குவிதல் தெரிந்தது. 45-க்கு மேலே ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்றும் தோன்றியது. இப்போது 2025-ல் வந்த நான்காவது பட்டியலோடு சேர்த்து 218 சிக்னல்கள். மற்ற எத்தனையோ மாறிவிட்டது, அந்தக் குவிதல் மட்டும் அங்கேயே நிற்கிறது.

நான் மயிலாப்பூர். பிஎச்.டி. செய்தது ஈர்ப்பலைத் தரவில். இப்போது ஓஎம்ஆரில் வேறு வேலை. ஆனாலும் புதுப் பட்டியல் வந்தால் அன்றைக்கு ராத்திரி அதைத் திறக்காமல் தூக்கம் வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. 35 சூரிய நிறைக் கருந்துளைகள் வானத்தில் அரிது. 10 பக்கம் இருப்பவைதான் மிக அதிகம். சார்ட்டில் தலைகீழாகத் தெரிவதற்குக் காரணம், அந்தச் சார்ட் நம் காதுக்கு எட்டியவற்றின் கணக்கு. மார்கழி விடியலில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கோயில் நாகஸ்வரமும் தவிலும் நாலு தெரு தாண்டி வந்து விழும். வீணையோ அடுத்த வீட்டில் வாசித்தால்தான் உண்டு. காதில் விழுந்ததை மட்டும் எண்ணி ஊர்க்கணக்கு எழுதினால், மயிலாப்பூரில் வீணை வாசிப்பவர்களே இல்லை என்றுதான் எழுத வேண்டிவரும்.

இதை எண்ணில் சொல்கிறேன், கரும்பலகையில் அப்படியே போடலாம். அமெரிக்காவில் உள்ள ஈர்ப்பலை டிடெக்டர்களான லைகோ அளப்பது அலையின் வீச்சை. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அலை வீச்சு தூரத்துக்கு நேர் எதிர்விகிதத்தில் மட்டுமே குறையும். இரண்டு கருந்துளைகளின் நிறைகளும் கலந்து வரும் "சிர்ப் நிறை" என்ற ஒரு கூட்டுதான் அந்த வீச்சைத் தீர்மானிக்கிறது: இரண்டு நிறைகளின் பெருக்கலை 3/5 அடுக்குக்கு உயர்த்தி, கூட்டலின் 1/5 அடுக்கால் வகுக்க வேண்டும். வீச்சு அதன் 5/6 அடுக்கில் ஏறும். ஆகவே எவ்வளவு தூரம் வரை கேட்கும் என்பதும் 5/6 அடுக்கு. தூரத்தின் கனம்தான் கொள்ளளவு என்பதால், கேட்கும் கொள்ளளவு 5/2 அடுக்கு.

இந்த 5/2-ல்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. 10-ம் 10-ம் சேர்ந்த ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 20-ம் 20-ம் என்றால் அதைவிட 5.7 மடங்கு கொள்ளளவில் கேட்கும். 35-ம் 35-ம் என்றால் சுமார் 23 மடங்கு. ஆக, சார்ட்டில் 35 என்ற இடத்தில் அடுக்கியிருக்கும் 23 பொட்டு, 10 என்ற இடத்தில் இருக்கும் ஒரே ஒரு பொட்டுக்குச் சமம். பிள்ளைகளை ஒவ்வோர் இணைவையும் அதன் சிர்ப் நிறையின் 5/2 அடுக்கால் வகுத்து மறுபடி வரையச் சொல்லுங்கள். சாதாரண அளவுகோலில் வரைந்தால் 35 மேடு கண்ணுக்கே தெரியாது, 10 மட்டும் கோபுரமாக நிற்கும். செங்குத்து அச்சை மடக்கையில் எடுத்தால்தான் விஷயம் புலப்படும்: 10-ல் ஓர் உச்சி, பிறகு சரிந்துகொண்டே போகிறது, 35-ஐ நெருங்கும்போது சரிவில் ஒரு திமில் எழுகிறது, அதைத் தாண்டியதும் இன்னும் வேகமாக விழுகிறது.

இதைச் செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று, எந்த நிறையை எடுத்தார்கள் என்பது. அண்டம் விரிவதால் அலையும் வழியில் நீண்டுவிடுகிறது. நீண்ட அலை கனமான ஜோடியிலிருந்து வந்தது போலவே இருக்கும். 2015-ன் முதல் சிக்னல் சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்தது. அதிலேயே கேட்ட நிறை உண்மை நிறையைவிட 9 சதவீதம் அதிகம். தூரம் கூடக் கூட இந்த வித்தியாசம் பெரிதாகும். பட்டியலில் திருத்திய மூல நிறையும் இருக்கும், கேட்ட நிறையும் இருக்கும். மூல நிறைதான் வேண்டும்.

மற்றொன்று, எந்தப் பொட்டும் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. 2019 மே 21-ல் வந்த சிக்னலில் பெரியதின் நிறை 85 என்று ஒட்டியிருப்பீர்கள். அறிவித்தபோது சொன்ன வரம்பு 71 முதல் 106 வரை. சின்னதுக்கு 66, அதன் வரம்பு 48 முதல் 83. இப்படி நீண்டு கிடக்கும் நூற்றுக்கணக்கான பட்டைகளிலிருந்து ஒரு பரவலை எடுப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான உழைப்பு. ஓர் இணைவின் நிறையைத் தனியாகக் கணித்துவிட்டு அதைப் பெட்டியில் போடுவதில்லை. எல்லா இணைவுகளும் ஒரே மக்கள்தொகையிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொண்டு, மக்கள்தொகையின் வடிவத்தையும் ஒவ்வொன்றின் நிறையையும் சேர்த்தே கணிக்கிறார்கள்.

காது எவ்வளவு தூரம் கேட்கும் என்பதையும் 5/2 என்று விட்டுவிடுவதில்லை. கணினியில் லட்சக்கணக்கான பொய்ச் சிக்னல்களைச் செய்து, டிடெக்டரின் நிஜ நாய்ஸுக்குள் கலந்து, தேடும் மென்பொருள் அவற்றில் எத்தனையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். எந்த நிறையில் எத்தனை தவறிப்போகிறது என்பது அதிலிருந்துதான் தெரியும். அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று. தன் கருவி எதைக் கேட்காது என்பதை இவ்வளவு பொறுமையாக அளந்து பார்ப்பவர்கள் குறைவு.

இப்போது 60-க்கு மேலே ஏன் காலி என்பது. இதில்தான் பிள்ளைகளின் சார்ட் மிக நேர்மையாகப் பேசுகிறது. 70-ம் 70-ம் சேர்ந்தால் 35 ஜோடியைவிட இன்னும் தூரத்திலிருந்து கேட்க வேண்டும். கேட்கும் வாய்ப்பு கூடியும் பொட்டு குறைகிறது என்றால், அங்கே உண்மையிலேயே ஆள் குறைவு. இதைக் காதின் கோளாறு என்று தள்ள முடியாது.

அதற்கும் மேலே, மொத்த நிறை சில நூறைத் தாண்டும்போது, கதை மாறும். சுற்றுப்பாதையின் கடைசிக் கட்டத்தில் அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 4400-ஐ மொத்தச் சூரிய நிறையால் வகுத்தால் வரும். மொத்தம் 20 என்றால் 220 ஹெர்ட்ஸ். 70 என்றால் 63. 240 என்றால் 18 ஹெர்ட்ஸ்தான், தரை அதிர்வுகளில் லைகோவின் காது அடைத்துப்போகும் இடம் அது. அண்ட விரிவு அதை இன்னும் கீழே இழுக்கும். அந்த 85-66 சிக்னல் பத்தில் ஒரு நொடிதான் நீடித்தது. நாலைந்து அலைகள், அவ்வளவுதான். அதனால் 5/2 கணக்கை 60 வரை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

---

கிண்டி மாணவன் எழுதியது:

அருமையா எழுதியிருக்கீங்க அக்கா. 35 எதனாலன்னு மட்டும் நான் சேர்க்கிறேன், இந்த செமஸ்டர்லதான் படிச்சோம்.

ரொம்பக் கனமான விண்மீனோட மையத்துல வெப்பநிலை நூறு கோடி கெல்வினைத் தாண்டும்போது காமா போட்டான்கள் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியா மாற ஆரம்பிக்கும். விண்மீனைத் தாங்கி நின்னது அந்த ஒளியோட அழுத்தம்தான். அது குறைஞ்சதும் மையம் சுருங்கும், ஆக்சிஜன் ஒரே நேரத்துல வெடிச்சு எரியும். ஹீலிய மையம் சுமார் 65 முதல் 130 சூரிய நிறை வரைக்கும் இருந்தா விண்மீன் முழுசா சிதறிடும், கருந்துளையே மிஞ்சாது. அதுக்குக் கொஞ்சம் கீழ இருந்தா முழுசா சிதறாது, துடிச்சுத் துடிச்சு வெளி அடுக்குகளை உதறும். உதறி முடிச்சதும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறையில வந்து நிக்கும். அந்தக் குவிதல்தான் 35. அதுக்கு மேல இருக்கிற காலி இடம் ஜோடி உறுதியின்மையோட இடைவெளி. 1960-கள்லயே கணக்குப் போட்டு வச்சதை இப்ப ஈர்ப்பலை உறுதி பண்ணிடுச்சு. டீச்சர் இதை அப்படியே கிளாஸ்ல சொல்லலாம்.

---

மாடவீதி எழுதியது:

தம்பி, அந்த இயற்பியலை அழகாகச் சொல்லியிருக்கிறாய். விண்மீன் சிதறுவது, துடித்து உதறுவது, மேலே ஓர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. "அந்தக் குவிதல்தான் 35" என்ற வரியை மட்டும் டீச்சர் வகுப்பில் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். எனக்கு இதில் பிடிவாதமே உண்டு.

முதன்முதலில் 35 தெரிந்தபோது நீ சொன்ன விளக்கம் கையில் தயாராக இருந்தது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், இயல்புதானே. பிறகு விண்மீன் மாதிரிகளை இன்னும் நுணுக்கமாக ஓட்டினார்கள். துடித்து உதறி மிஞ்சுபவை எங்கே குவியும் என்பது பெரும்பாலும் ஓர் அணுக்கரு வினையின் வேகத்தைப் பொறுத்தது: கார்பன்-12 ஒரு ஹீலியத்தை வாங்கிக்கொண்டு ஆக்சிஜன்-16 ஆவது. அந்த வேகத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் இடைவெளியின் கீழ் விளிம்பு பல சூரிய நிறைகள் நகரும். ஆய்வுக்கூடத்தில் அளந்த வேகத்தைப் போட்டால் குவிதல் 35-ஐவிட மேலேதான் விழுகிறது. அதை 35-க்கு இழுத்துக் கொண்டுவர வேண்டுமானால், அளவீடு அனுமதிக்கும் எல்லையைத் தாண்டி வேகத்தைத் திருகியாக வேண்டும். அதனால் இன்று பலர் 35-ஐ அந்தத் துடிப்போடு சேர்ப்பதில்லை.

பிறகு எதோடு சேர்ப்பது? கோளக் கொத்துகள் என்று ஒரு தரப்பு. லட்சக்கணக்கான கிழ விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடங்கள் அவை. அங்கே கனமான கருந்துளைகள் மையத்துக்கு இறங்கும், ஒன்றையொன்று இடித்து ஜோடியை மாற்றிக்கொள்ளும், கனமானவை கனமானவற்றோடு சேரும். அந்த வழியில் 30-40 பக்கம் நிறைய இணைவுகள் வருவது இயல்பு. ஆனால் 10 பக்கம் இருக்கும் பெரிய உச்சியை அந்த வழியால் நிரப்ப முடியவில்லை. அது இரட்டையாகவே பிறந்து இரட்டையாகவே செத்த விண்மீன்களின் வழிக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. ஒரே வளைவுக்குள் இரண்டு வேறு வரலாறுகள் இருக்கின்றன என்பது என் எண்ணம். எண்ணம் என்றே சொல்கிறேன், முடிவு இல்லை.

டீச்சர் கேட்ட பால்வெளிக் கேள்வியும் இங்கேதான் வருகிறது. 2016 பிப்ரவரி 11-ல் முதல் சிக்னலை அறிவித்தபோது அலை கிடைத்தது ஓர் ஆச்சரியம், நிறைகள் இன்னோர் ஆச்சரியம்: 36-ம் 29-ம். இணைந்தபின் மிஞ்சியது 62. 3 சூரியனின் நிறை அலையாகவே போய்விட்டது. இவ்வளவு கனமானவை எக்ஸ்-கதிரில் கிடைத்ததே இல்லை. விளக்கம் விண்மீனின் சேர்க்கையில் இருக்கிறது. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அதிகம் இருந்தால் விண்மீனின் மேற்பரப்பிலிருந்து காற்று பலமாக வீசும், ஆயுள் முழுக்க நிறையை இழந்துகொண்டே இருக்கும், கடைசியில் மிஞ்சும் கருந்துளை சின்னது. அந்தத் தனிமங்கள் குறைவாக இருந்த பழைய விண்மீன்கள் தங்கள் நிறையைக் காப்பாற்றிக்கொண்டு செத்தன. முதல் சிக்னலின் கருந்துளைகள் உருவான இடத்தில் அந்தத் தனிமங்களின் பங்கு சூரியனில் இருப்பதில் பாதிக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று அப்போதே எழுதினார்கள்.

இதற்கு நல்ல சாட்சி நம் பால்வெளியிலேயே 2024-ல் கிடைத்தது. கையா விண்கலம் ஒரு விண்மீனின் தள்ளாட்டத்தை வைத்து, சுமார் 2000 ஒளியாண்டு தூரத்தில் 33 சூரிய நிறைக் கருந்துளை ஒன்றைக் கண்டது. எக்ஸ்-கதிர் எதுவும் விடாமல் அமைதியாகக் கிடந்ததால் அதுவரை யாருக்கும் தெரியாது. அதன் துணை விண்மீனில் கனத் தனிமங்கள் மிக மிகக் குறைவு. எக்ஸ்-கதிர்ப் பட்டியலுக்கும் ஒரு காது உண்டு, அது துணையிடமிருந்து வாயுவை இழுத்துத் தின்னும் கருந்துளைகளை மட்டுமே கேட்கும். இதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடைவெளிக்குள்ளேயே விழும் பொட்டுகளைப் பற்றி: 85-66 ஜோடி முதலாவது. 2023 நவம்பர் 23-ல் வந்தது அதையும் விஞ்சியது, ஏறக்குறைய 137-ம் 103-ம், இணைந்தபின் சுமார் 225. இவை விண்மீனிலிருந்து நேராகப் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம். முன்பு இரண்டு கருந்துளைகள் இணைந்து ஒன்றாகி, அது மறுபடி இன்னொன்றோடு இணைந்திருக்கலாம். இதற்குச் சுழற்சி ஒரு தடயம். சுழலாத, சம நிறையுள்ள இரண்டு இணைந்தால் பிறப்பது, ஒரு கருந்துளை சுழலக்கூடிய உச்ச அளவு 1 என்றால், சுமார் 0.7 அளவில் சுழலும். அந்த நவம்பர் சிக்னலில் இரண்டுமே 0.8, 0.9 என்று சுழன்றன. ஆனால் இணையும்போது பிறக்கும் புதுக் கருந்துளை எதிர்உதை வாங்கும், சில நேரம் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கோளக் கொத்திலிருந்து தப்பிப்போக நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகமே போதும். ஆகவே இரண்டாம் தலைமுறை அங்கேயே தங்கி மறுபடி ஜோடி சேர்வது கடினம். விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் அடர்ந்த கொத்துகளில் வாய்ப்பு கூடுதல்.

தம்பி, நீ தவறாகப் படித்துவிட்டாய் என்று நான் சொல்லவில்லை. பாடநூல் எழுதியபோது அதுதான் முன்னணி விளக்கம். ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கேட்ட பெண்ணுக்கு, உலகத்தில் இன்னும் யாரும் முடிக்காத ஒரு கேள்வியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். முடிந்துபோனது என்று சொல்லி அதை அவளிடமிருந்து பறித்துவிட வேண்டாம்.

---

கிண்டி மாணவன் எழுதியது:

கார்பன்-ஆக்சிஜன் வினை இவ்வளவு முக்கியம்னு யாரும் சொல்லலை அக்கா. எங்க டிபார்ட்மென்ட்ல அணுக்கரு எடுக்கிற மேடத்துகிட்ட நாளைக்கே கேக்கிறேன். செமினாருக்கு இதையே தலைப்பா எடுக்கலாம்னு இருக்கேன்.

---

வேளச்சேரி ரிட்டயர்ட் எழுதியது:

எல்லோரும் மேல் பக்கத்தையே பேசுகிறீர்கள். இந்தப் பொட்டுச் சார்ட்டின் இடது ஓரத்தை யாராவது சொல்லுங்களேன். 3-க்கும் 5-க்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று வெகுநாள் முன்பு படித்தேன்.

நான் இளவயதில் பிரசிடென்சி கல்லூரி வாசலில்தான் தினமும் பஸ் பிடிப்பேன். அங்கே படித்த சந்திரசேகர் 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் 1.4 சூரிய நிறை வரம்பைக் கணக்கிட்டார் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெள்ளைக் குள்ளனுக்கு அந்த வரம்பு. நியூட்ரான் விண்மீனுக்கு மேல் வரம்பு எங்கே, கருந்துளைக்குக் கீழ் வரம்பு எங்கே என்பதுதான் அதன் அடுத்த படி. அந்தப் படியை எப்போதாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

---

மாடவீதி எழுதியது:

ஐயா, அந்த ஆசை பாதி நிறைவேறிவிட்டது. 3-5 இடைவெளி எக்ஸ்-கதிர்ப் பட்டியலில் தெரிந்த ஒன்று. ஈர்ப்பலை அதன் கீழ் விளிம்பருகே ஒன்றும் அதற்குள் ஒன்றுமாக இரண்டு பொட்டு வைத்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் 14-ல் 23 சூரிய நிறைக் கருந்துளையோடு இணைந்தது 2.6 நிறையுள்ள ஏதோ ஒன்று. மிகக் கனமான நியூட்ரான் விண்மீனா, மிக லேசான கருந்துளையா, அலையை வைத்துச் சொல்ல முடியவில்லை. அடுத்தது 2023 மே 29, டிடெக்டர்களின் நான்காவது அவதானிப்பு ஓட்டம் தொடங்கி ஐந்து நாள் கழித்து. லிவிங்ஸ்டன் டிடெக்டர் ஒன்று மட்டுமே கேட்டது: 2.5-க்கும் 4.5-க்கும் நடுவில் உள்ள ஒன்று, ஒரு நியூட்ரான் விண்மீனோடு இணைந்தது.

இடது ஓரத்தில் காது மிக மோசம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே 5/2 கணக்கில், 5-ம் 5-ம் சேர்ந்த ஜோடி 10 ஜோடி கேட்கும் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான இடத்தில்தான் கேட்கும். அங்கே ஒரு பொட்டு கிடைத்தாலே அதற்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கிறது. அதனால் அந்த இடைவெளி வெறுமையாக இல்லை, மெலிந்து இருக்கிறது என்று சொல்வதுதான் இப்போதைக்குச் சரி.

---

பெரம்பூர் பௌதிகம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாடவீதி அவர்களே, உங்கள் பதிலைப் பிரின்ட் எடுத்து வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் அரை மடக்கைத் தாளில் மறுபடி வரைந்தார்கள், நீங்கள் சொன்ன திமில் அப்படியே வந்தது. 10 பக்கம் உச்சி எழுந்ததும் ஒருத்தி கை தட்டினாள், வகுப்பே தட்டியது.

கேள்வி கேட்ட பெண் இப்போது இன்னும் இரண்டு கேள்வியோடு வந்திருக்கிறாள். மகாராஷ்டிராவில் வரப்போகும் லைகோ-இந்தியா வந்தால் இந்த வளைவு மாறுமா? இவ்வளவு நேரம் பெரிய கருந்துளையை மட்டும் பார்த்தோமே, சின்னது என்ன ஆயிற்று?

---

மாடவீதி எழுதியது:

இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது டீச்சர்.

லைகோ-இந்தியா ஹிங்கோலி மாவட்டத்தில் ஔந்தா அருகே வருகிறது. 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 4 கிலோமீட்டர் கைகள், அமெரிக்காவில் உள்ள இரண்டைப் போலவே. இணைவு வானத்தின் எந்தத் திசையில் நடந்தது என்பது அதனால் பல மடங்கு துல்லியமாகும். நிறைப் பரவலுக்கு நேரடியாக உதவுவது வேறு: தூரமும் பாதைத் தளத்தின் சாய்வும் இப்போது ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. தொலைவில் ஒரு காது கூடினால் அந்தக் குழப்பம் குறையும். தூரம் தெளிவானால் அண்ட விரிவுத் திருத்தம் தெளிவாகும், மூல நிறையின் பட்டை சுருங்கும். வலது ஓரத்து இருட்டை மட்டும் தரையிலிருந்து அதனால் விரட்ட முடியாது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே தரை சத்தம் இந்தியாவிலும் அதேதான். அதற்கு விண்வெளிக்குப் போக வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024-ல் ஒப்புதல் தந்த லிசா, 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று விண்கலங்களைப் பறக்கவிடும். அது மில்லிஹெர்ட்ஸில் கேட்கும். இந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குச் சேரும் காலத்தில் அதன் தரவு வரத் தொடங்கியிருக்கும்.

சின்னதைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. பெரும்பாலான ஜோடிகளில் இரண்டும் ஏறக்குறைய நிகர்தான். 2025 ஜனவரி 14-ல் வந்தது இதுவரை கேட்டதிலேயே மிகத் தெளிவான சிக்னல். கருந்துளைகள் இணைந்தால் மொத்தப் பரப்பு குறையாது என்னும் ஹாக்கிங்கின் பரப்புத் தேற்றத்தை அதை வைத்துச் சோதித்தார்கள். அதில் சுமார் 34-ம் 32-ம். முதல் சிக்னலுக்கு உடன்பிறந்தது போல, அதே 35 மேட்டில். அதற்கு நேர்மாறு 2019 ஏப்ரல் 12: 30-ம் 8-ம். ஐயாவுக்குச் சொன்ன 23-ம் 2.6-ம் இன்னும் மோசமான ஏற்றத்தாழ்வு.

அடுத்த சனிக்கிழமை கிடைமட்டத்தில் பெரியது, செங்குத்தில் சின்னது என்று வைத்து இரண்டு அச்சையும் மடக்கையில் போடச் சொல்லுங்கள். 45 பாகைக் கோட்டை முதலில் பென்சிலால் வரைந்துவிட்டால், எது கோட்டை ஒட்டி நிற்கிறது, எது விலகிப் போகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். 35 பக்கம் இருப்பவை கோட்டோடு எவ்வளவு நெருங்கியிருக்கின்றன, 10 பக்கம் இருப்பவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்று ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு மேடும் இரண்டு வேறு வழியில் வந்தவையா என்று தேடுகிறவர்கள் இப்போது பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வரைந்ததும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பட்டைகளின் அகலத்தை எப்படிச் சேர்ப்பது என்று அந்தப் படத்தை வைத்தே எழுதுகிறேன்.